கீமோவுக்குக் காவல் நின்ற மருந்து

புற்றுநோய் சிகிச்சையின் வரலாற்றைக் கீமோதெரபி மருந்துகளின் வரலாறாகவே எழுதிவிடுகிறார்கள். அந்த மருந்துகளைத் துணிந்து கொடுக்க வழிவிட்ட ஆன்டிபயாடிக்குகள் அதில் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்து நோய் சிறிது காலம் அடங்குவதைக் காட்டினார். பிறகு மருந்துகள் பெருகின. ஆனால் புற்றணுக்களை அழித்த மருந்தே எலும்பு மஜ்ஜையையும் முடக்கியதால், பலர் கிருமித் தொற்றில் மாண்டார்கள். 1966இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் ஜெரால்ட் போடி குழு, 52 ரத்தப் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து இதை எண்களில் நிறுவியது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்கள் 1,000க்குக் கீழே இறங்க இறங்கத் தொற்று கூடியது. 100க்குக் கீழே உச்சத்தைத் தொட்டது. அந்த நிலையில் சூடோமோனாஸ் கிருமி ரத்தத்தில் கலந்தால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வருமுன்பே உயிர் போய்விடக்கூடும். 1971இல் பால்டிமோரில் ஸ்டீபன் ஷிம்ப்ஃப் குழு அந்த முடிவுக்குக் காத்திராமல், காய்ச்சல் கண்டதுமே கார்பெனிசிலின், ஜென்டமைசின் எனும் இரு ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்துக் கொடுத்தது. பிற்கால வீரியமான கீமோவும் எலும்பு மஜ்ஜை மாற்றும் இந்த வழக்கத்தை நம்பித்தான் வளர்ந்தன.

இந்த அவசரம்தானே மருந்துக்கு அடங்காத எதிர்ப்புக் கிருமிகளை வளர்த்தது என்று கேட்பதில் நியாயம் உண்டு. காய்ச்சல் வருமுன்பே தடுப்பாக ஃபுளோரோகுயினலோன் வகை ஆன்டிபயாடிக் கொடுத்த ஐரோப்பியப் புற்றுநோய் வார்டுகளில், 1990களிலேயே அதற்குக் கட்டுப்படாத ஈ.கோலை தலைதூக்கியது. ஆனாலும் வெள்ளணு இல்லாதவருக்குத் தாமதம் உயிரைப் பறிக்கும் என்பதால், உடனே தொடங்கியது பிழையல்ல. கல்ச்சர் முடிவு வந்தபிறகும் மருந்தைக் குறைக்காமலும் நிறுத்தாமலும் நீட்டிப்பதுதான் பிழை. மேலும், எதிர்ப்பு முழுவதும் புற்றுநோய் வார்டில் பிறப்பதில்லை. வீரியமான கார்பபெனெம் வகை ஆன்டிபயாடிக்குகளையே சிதைக்கும் என்டிஎம்-1 நொதி பற்றி 2010இல் வெளியான ஆய்வில், சென்னையில் எடுத்த கிருமி மாதிரிகளும் இருந்தன. புதிய மருந்து வந்துவிடும் என்பாரும் உண்டு. ஆனால் கார்பபெனெம் கைவிட்டபோது மருத்துவர்கள் திரும்பிப் போனது, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று முன்பு ஒதுக்கிவைத்த பழைய கொலிஸ்டினிடம். இந்த எதிர்ப்பைச் சமாளிக்க 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடிச் சென்னைப் பிரகடனத்தை வகுத்தன. 2014 மார்ச் முதல் இந்திய மருந்து விதிகளில் எச்1 அட்டவணை நடப்புக்கு வந்தது. கார்பபெனெம் உள்ளிட்ட மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது அதன் விதி. சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் கடையில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். கீமோ முடிந்து வெள்ளணு இறங்கிக் கிடப்பவருக்கு அந்த மருந்துகள் வேலை செய்தாக வேண்டும்.