ஈட்டாவும் எச்சும்: கிரேக்க – ஆங்கில எழுத்து நிகர்மையின் வரலாற்றுப் பின்புலம்

கிரேக்க எழுத்துகளுக்கு நிகரான ஆங்கில எழுத்துகளைத் தரும் அட்டவணைகள் 'ஈட்டா'வுக்கு நேராக 'ஈ' என்ற எழுத்தைக் காட்டுகின்றன. ஆயின் பெரிய ஈட்டாவின் வடிவமோ ஆங்கில 'எச்'சின் வடிவமே. வடிவம் ஒன்றாகவும் ஒலி வேறாகவும் இருப்பதன் காரணம், பண்டைக் கிரேக்கத்தில் ஒரே எழுத்துமுறை வழங்கவில்லை என்பதாகும்.

கிரேக்கர் பினீசியரிடமிருந்து எழுத்தைப் பெற்றது கி.மு. 8ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டதன்று. பினீசியரின் 'ஹேத்' ஒரு தொண்டையொலி. யூபியாத் தீவினர் அதனை ஹகர ஒலிக்கு வழங்கினர். சிறிய ஆசியாவின் அயோனியர் பேச்சிலோ ஹகரம் மறைந்துவிட்டது. பயனற்றுப்போன அவ்வெழுத்தை அவர்கள் ஏகார நெடிலுக்கு உரியதாக்கினர். யூபியர் இத்தாலியின் கியூமேயில் குடியேற, அவர்களின் எழுத்து எத்துருஸ்கர் வழியாக உரோமரை அடைந்தது. ஏதென்சு கி.மு. 403/402இல் அயோனிய முறையை அரசு வழக்காக ஏற்றது. ஏனைய நகரங்களும் காலப்போக்கில் அதனைப் பின்பற்றின. இன்று கிரேக்க நெடுங்கணக்கு என அறியப்படுவது இக்கிழக்கு மரபே. இலத்தீன் வழி வந்த ஆங்கில எழுத்துகள் மேற்கு மரபின. ஹகரத்தைக் குறிக்க எழுத்தில்லாது போனமையால், பிற்கால இலக்கணிகள் பழைய 'எச்'சின் இடப்பாதியை உயிரின் மேலிடும் குறியாக்கினர்.

'எக்ஸ்' வடிவத்தின் கதையும் இதுவே. மேற்கில் அது 'க்ஸ்' ஒலி. கிழக்கில் மூச்சொலியோடு கூடிய ககரம். புள்ளியியலார் 'கை-வர்க்கம்' என்பதில் வரும் 'கை' இந்த எழுத்தே. உப்சிலோனோ உரோமரிடம் இருமுறை சென்றது: தொடக்கத்தில் 'வி' வடிவில் உகரமாகவும், கி.மு. முதல் நூற்றாண்டில் கிரேக்கச் சொற்களை எழுதுவதற்கென 'ஒய்'யாகவும்.

தமிழாய்வாளர்க்கு இவ்வரலாறு வேற்றுப்புலச் செய்தி மட்டுமன்று. எப்சிலோன் குறில், ஈட்டா நெடில். ஒமிக்ரோன் குறில், ஒமேகா நெடில். எ–ஏ, ஒ–ஓ என்னும் தமிழ் வேறுபாட்டுக்கு ஏறக்குறைய ஒத்த இப்பாகுபாடு, ஆங்கில எழுத்துப்பெயர்ப்பில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே 'ஈ'. இரண்டுக்கும் ஒரே 'ஓ'. நெடிலின் மேல் கோடிடும் வழக்கம் உண்டெனினும் மொழிபெயர்ப்பு நூல்கள் பல அதனை விட்டுவிடுகின்றன.

சேர அரசனைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் பெயர் 'பெரிப்ளூஸ்' நூலில் 'கேப்ரோபோத்தோஸ்' எனவும், தாலமியின் நூலில் 'கேரோபோத்ரோஸ்' எனவும் காணப்படுகிறது. இரண்டிலும் முதலசை ஈட்டாவால் எழுதப்பட்டுள்ளது. அசோகர் கல்வெட்டுகளின் 'கேதலபுத', 'கேரளபுத்ர' ஆகிய வடிவங்களோடு இது ஒத்துச்செல்வதைக் கிரேக்க மூலமே தெளிவாகக் காட்டும். ஆங்கில வடிவத்தை மட்டும் காண்பவர் அம்முதலசை குறிலா நெடிலா என்று துணிய இயலாது. இக்காலக் கிரேக்கரின் ஒலிப்பைப் பின்பற்றுபவரோ 'கீ' என வாசிப்பர். ஈட்டா இகரமாகத் திரிந்தது பிற்கால மாற்றம். 'ரோ'வைத் தொடரும் உயிரும் கவனத்துக்குரியது: 'கேரோ' என்பதன் ஓகாரம் நெடிலன்று, ஒமிக்ரோனே. எனவே அதனைக் 'கேரொபொத்ரொஸ்' என எழுதுவதே மூலத்துக்கு நெருக்கமானது.