வயல் குடித்த மழை

கண்டி வாவியைக் கட்டியவன் வெள்ளத்தைத் தடுக்கவோ நிலத்தடி நீரைப் பெருக்கவோ எண்ணியவன் என்று சொல்வதற்கில்லை. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் தன் தலைநகருக்கு அழகு சேர்க்க விரும்பினான். 1807இல் தொடங்கி, அரண்மனைக்கு முன்னிருந்த வயல்வெளியை மறித்து அணை கட்டுவித்தான். வேலைக்கு ஆட்களை வருத்தியதால் பிரதானிகளின் வெறுப்பையும் சம்பாதித்துக்கொண்டான். 1815இல் ஆங்கிலேயர் அவனைச் சிறைப்பிடித்தனர், வாவி நிலைத்தது.

சுற்றியுள்ள குன்றுகளில் பெய்யும் மழை வாவியில் இறங்கி, சற்றுத் தங்கி, வண்டலை அங்கே விட்டுவிட்டு, மெத எல என்னும் நடுக்கால்வாய் வழியே மகாவலியைச் சேர்கிறது. வாவிக்கு முன்பு மழையைத் தாங்கியது அந்த வயல்தான். இதை நம் வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. மலைநாட்டு வயல் நெல் விளைவதோடு நிற்பதில்லை. வரம்புக்கு வரம்பு மழையை மறித்து, மெல்ல மண்ணுக்குள் இறக்குகிறது. வயலோரக் கிணறுகள் கோடையிலும் ஊறுவது இதனாலேயே. மேட்டுக் காடுகளைக் கோப்பிக்கும் தேயிலைக்குமாக அழித்தவர்கள் ஆங்கிலேயர். 1856இல் உடவத்தகலக் காட்டை அவர்கள் ஒதுக்கிவைத்தது ஒரு விதிவிலக்கு. பள்ளத்து வயல்களை நிரப்பியதில் நமக்கும் பங்குண்டு.

கண்டியிலிருந்து மாத்தளை வீதியில் சுமார் 10 கிலோமீற்றர் சென்றால் அக்குறணை. பெருமழை வந்தால் பிங்கா ஓயா கடைகளுக்குள் புகுந்துவிடும். ஓயாவை அண்டிய வயல்கள் மேடாக்கப்பட்டன. கரையை நெரித்துக் கட்டடங்கள் எழுந்தன. ஓயாவை ஆழமாக்கி நீரை விரைந்து கடத்துங்கள் என்பதே ஒவ்வொரு வெள்ளத்தின் பின்னும் எழும் கோரிக்கை. அது வேண்டியதுதான். ஆனால் விரைந்து போன நீர் கீழேயுள்ள ஊருக்கு வெள்ளமாகும். நமது கிணற்றுக்கோ ஒரு சொட்டும் சேராது.

2005இல் தேசிய மழைநீர் சேகரிப்புக் கொள்கை வந்தது. 2007இல் அதற்காகச் சட்டமும் திருத்தப்பட்டது. ஆயினும் நம் ஊர்களின் பெரிய கூரைகளைப் பாருங்கள். பள்ளிவாசல் கூரையில் விழும் மழை வீதிக் கானுக்கு ஓட, உள்ளே வுழூவுக்குக் குழாய்நீர்க் கட்டணம் செலுத்துகிறோம். அந்த மழையை ஹவ்ழுக்குத் திருப்பலாம். மிஞ்சுவதைச் சமதரையில் சரளைக்கல் நிரப்பிய குழியொன்றில் இறக்கலாம். சரிவில் மட்டும் இது ஆகாது. ஊறிய மண் நழுவினால் என்ன நேரும் என்பதை 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டம் கண்டது. அங்கே நீரைத் தாங்கியில் சேர்த்து, மிகுதியைக் கட்டிய கான் வழியே பள்ளத்துக்கு இறக்குவதே பாதுகாப்பு.