கடல் காணா மலைகளின் கடற்சுவை

இரத்தினபுரி என்றதும் மாணிக்கக் கற்கள் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும், மழை ஓய்ந்த மாலைப்பொழுதில் அங்குள்ள இறப்பர்த் தோட்டத்து லயமொன்றின் பக்கமாகச் செல்வோரை முதலில் எதிர்கொள்வது அடுப்படியின் மணமாகும். தேங்காயெண்ணெயிலே சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் நெத்தலிக் கருவாடும் வதங்குகின்றன. கல்லிலே ரொட்டி வேகின்றது. ரொட்டியைப் பிட்டு, அந்தச் சூடான சம்பலிலே தொட்டு உண்பர். கடலுக்குத் தொலைவிலுள்ள இம்மலைகளிலே கடலின் சுவை எவ்வாறு குடியேறிற்று?

நேயர்களே, இவ்வினாவுக்கு விடை தேடுமுன் இத்தாலி தேசத்தைச் சிறிது பார்த்து வருவோம்.

அந்நாட்டின் வடமேற்கில், அல்ப்ஸ் மலையடிவாரத்தில் பியெட்மொன்ட் என்னும் மாநிலம் உள்ளது. அதற்குக் கடற்கரை இல்லை. ஒலிவ மரமும் அங்கு அரிது. எனினும் அவ்வூர் மக்கள் தமக்கே உரியதெனப் போற்றும் 'பாஞ்ஞா காவுதா' என்னும் தொடுகறி, உப்பிட்ட நெத்தலியின மீன், வெள்ளைப்பூண்டு, ஒலிவ எண்ணெய் ஆகிய மூன்றினாலும் ஆவது. ஒருவருக்கு ஒரு முழுப் பூண்டு என்பது பழைய கணக்கு. பூண்டை மெல்லியதாய் அரிந்து, சிறுதீயில், கருகவிடாமல் எண்ணெயிலே குழைய வைப்பர். உப்பும் முள்ளும் நீக்கிய மீனை அதிலிட்டுக் கரையும்வரை துழாவுவர். பின்னர் தணல்மீது மண்சட்டியில் சூடு ஆறாது வைத்து, அனைவரும் சூழ்ந்திருந்து, கோவா, குடைமிளகாய், ரொட்டி முதலியவற்றைத் தோய்த்து உண்பர். எஞ்சிய எண்ணெயிலே முட்டையை உடைத்து ஊற்றி, அதையும் வீணாக்காது முடிப்பர்.

லிகூரியக் கடற்கரையிலிருந்து உப்பும் எண்ணெயும் மீனும் கோவேறு கழுதைகளின் முதுகிலே மலை கடந்து அங்கு சென்றன. மாய்ரா பள்ளத்தாக்கின் ஏழை உழவர், பனிக்காலத்தில் பிழைப்புத் தேடி, உப்புமீன் விற்போராய் ஊரூராய்த் திரிந்தனர். உப்பிட்ட மீன் கெடாது. சிறிதளவே பெருஞ்சுவை தரும். ஆதலால் வறியோர் வீட்டுக்கு அது ஏற்றதாயிற்று.

சப்பிரகமுவையின் கதையும் இதனை ஒத்ததே. 1869-ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்தது. 1876-இல் எனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் வழிவந்த மரங்கள், பின்னர் இரத்தினபுரி, கேகாலைச் சரிவுகளை நிறைத்தன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் அங்கு பால் வெட்டினர். அவர்களுக்கு அரிசியைத் தோட்டமே அளந்து கொடுத்து, விலையைச் சம்பளத்திலே கழித்துக்கொண்டது. உலையில் என்ன ஏறவேண்டும் என்பதைப் பேரேடே தீர்மானித்தது.

1942-இல் பர்மா யப்பானியர் கைப்பட்டதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. இலங்கையில் அரிசிப் பங்கீடு வந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மா நிரப்பலாயிற்று. தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்த ரொட்டி லயங்களிலே நிலைபெற்றது. ஆகவே, ரொட்டி அம்மக்கள் விரும்பித் தேர்ந்த உணவன்று. அதனை உண்ணத்தக்க உணவாக்கியவர்கள், மலையேறி வந்த கருவாட்டை அளந்து செலவிட்டுச் சம்பல் ஆக்கிய தாய்மாரே.

அந்த மாவும் கிட்டாத காலமொன்று பின்னர் வந்தது. 1973, 1974-ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலே, பயிரிடச் சொந்த நிலமற்ற தோட்ட மக்களே மிகவும் துன்புற்றனர். தோட்டங்களில் மரண விகிதம் உயர்ந்தது. தொட்டுக்கொள்ளச் சம்பல் இருந்தாலும், தொடுவதற்கு ரொட்டி இல்லாத வீடுகள் இருந்தன.

பியெட்மொன்ட் உழவரின் மண்சட்டி இன்று அம்மாநிலத்தின் பெருமையாக விருந்து மேசைகளில் அமர்ந்திருக்கின்றது. நம் தோட்டத்து ரொட்டியும் சம்பலும் வரலாற்று ஏடுகளில் இன்னும் உரிய இடம் பெறவில்லை. அவற்றை எழுதப் புகுவோர் சுவையை மட்டும் எழுதினாற் போதாது. அச்சுவை பிறந்த பசியையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.