கேமிங் கணினிக்கு கிராஃபிக்ஸ் கார்டு: ஒரே பெயர், இரண்டு வகை

பாச்சாங்கில் பிள்ளைக்குப் புதிய கேமிங் கணினி வாங்கித் தர நினைக்கும் பெற்றோருக்கு, பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுதான் பெரிய செலவு. நடுத்தர விலையில் 2025இல் வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகிய இரண்டையும் முதலில் பார்க்கலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். இரண்டுமே ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இருவகை நினைவகத்துடன் வருகின்றன. அறிமுக விலையில் வேறுபாடு 50 அமெரிக்க டாலர்தான். விளையாட்டின் படத் தரவுகள் இந்த நினைவகத்தில்தான் தங்கும். அது நிரம்பிவிட்டால், கணினியின் பொது நினைவகத்திலிருந்து இழுத்துவர வேண்டும். விளையாட்டு திக்கித் திக்கி ஓடும். பின்னாளில் கார்டில் நினைவகத்தைக் கூட்டவும் வழியில்லை. நான்கைந்து ஆண்டு வைத்திருக்க நினைப்போருக்கு 16 ஜிபியே நல்லது. வாலொரண்ட், டோட்டா 2 மட்டுமே ஆடும் பிள்ளைக்கு 8 ஜிபி போதும். மிச்சப் பணத்தில் நல்ல திரை வாங்கலாம்.

5060 டிஐ கார்டு 180 வாட் வரை மின்சாரம் எடுக்கும். பெயர் தெரியாத மலிவு பவர் சப்ளை வேண்டாம்.

இணையத்தில் பழைய கார்டு மிக மலிவாக வந்தால் கவனம் தேவை. பயாஸை மாற்றி, உயர்ந்த மாடல்போலக் காட்டி விற்போர் உண்டு. ‘ஜிபியு-இசட்’ எனும் இலவச மென்பொருள் பெரும்பாலும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

கடையில் வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரர் கைவிரித்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம். தனிநபரிடம் வாங்கியவருக்கு அந்த வழி இல்லை.