டிஸ்கி தெரியும், ஸ்கி தெரியுமா?

ஒஸ்லோவுல வேலை பார்க்குற நம்ம சேரன்மகாதேவி சேக்காளி ஒருத்தன் போன வாரம் மெயில் அனுப்பியிருந்தான். "எங்கிட்ட ஒரு ஜோடி ஸ்கி இருக்குலே. இறுகின பனியில சும்மா வழுக்கிட்டுப் போகுது. ஆனா புதுப்பனி ஆழமா விழுந்துட்டா முழங்கால் வரைக்கும் புதையுது. ரெண்டாவதா ஒரு ஜோடி வாங்கணும், எவ்வளவு அகலத்துல வாங்கலாம்?"

மார்கழி மாசம் ஸ்வெட்டர் போட்டாலே கிண்டல் பண்ற ஊருக்காரன்கிட்ட கேக்குற கேள்வியா இது? :-) ஆனாலும் விடலை. நோண்ட ஆரம்பிச்சா, அவன் கேட்டது ஒரு நம்பர், கிடைச்சது அஞ்சாயிரம் வருஷக் கதை.

முதல்ல ஒரு விளக்கம். சினிமாவுல மலை உச்சியில இருந்து சர்ருனு இறங்குவாங்களே, அந்த ஸ்கி இல்ல இது. இதுல ஷூவோட முன்பக்கம் மட்டும்தான் பலகையில மாட்டும், குதிகால் தூக்கலாம். நடக்குற மாதிரி உந்தி உந்திப் போகணும். இதுக்கு நார்டிக் ஸ்கின்னு பேர். மெஷின் வச்சு தடம் போட்ட பாதையை விட்டுட்டு காடு மலைன்னு போனா அது பேக்கன்ட்ரி.

இதோட தத்துவம் நம்ம ஊர் வயல்லயே இருக்கு. கன்னடியன் கால்வாய்ல தண்ணி வந்து பிசானத்துக்குத் தொழி உழவு நடக்கும்போது பாருங்க, டிராக்டர்ல இரும்பு கேஜ் வீல் மாட்டியிருப்பாங்க. வெறும் ரப்பர் டயரோட இறங்குனா சேத்துல மாட்டிக்கும். கேஜ் வீல் எடையைப் பரப்பி வைக்கும், பிடிமானமும் கொடுக்கும். ஆனா அதோடவே தார் ரோட்டுல ஏறுனா ரோடு காலி. ஒரே டிராக்டர், ரெண்டு தரைக்கு ரெண்டு சக்கரம். நண்பனோட பிரச்சினையும் இதேதான்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

ஸ்வீடன்ல கால்வ்ட்ரெஸ்க்ங்கிற இடத்துல 1924ல ஒரு பழைய ஸ்கி கிடைச்சுது. வயசு ஏறத்தாழ 5,000 வருஷம். நீளம் சுமார் 2 மீட்டர், அகலம் சுமார் 15 செ.மீ. இன்னைக்குக் கடையில இருக்கிற நார்டிக் ஸ்கியை விட ரொம்ப அகலம்!

இன்னொண்ணு நார்வேயில, டிகெர்வார்டன் மலையில. 2014ல பனி உருகி ஒத்தை ஸ்கி ஒண்ணு வெளிய வந்துச்சு. சுமார் 1,300 வருஷப் பழசு. தொல்லியல்காரங்க அந்தப் பனித்திட்டைக் கண்காணிச்சுக்கிட்டே இருந்தாங்க. 7 வருஷம் கழிச்சு, 2021ல, அஞ்சு மீட்டர் தள்ளி ரெண்டாவது ஸ்கி கிடைச்சுது. 187 செ.மீ. நீளம், 17 செ.மீ. அகலம். பழுது பார்த்து ஓட்டின அடையாளம் கூட இருந்துச்சு. முதல் ஸ்கி இதைவிடக் கொஞ்சம் குட்டை, ரெண்டு செ.மீ. ஒடுக்கம்.

ஜோடின்னா ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கணும்னு அவசியமே இல்லாத ஊருங்க அது. ஸ்காண்டிநேவியாவுல சில பகுதிகள்ல ஒரு காலுக்கு ரொம்ப நீளமான பலகை, வழுக்கிட்டுப் போக. இன்னொரு காலுக்கு குட்டைப் பலகை, அடியில மிருகத்தோல் ஒட்டி, உந்தித் தள்ள. ஒரு கால்ல ஹைவே டயர், இன்னொரு கால்ல கேஜ் வீல்னு வச்சுக்கோங்களேன். அல்தாய் மலைப்பக்கம் இன்னைக்கும் குதிரைத் தோல் ஒட்டின அகலமான ஸ்கி செய்யுறாங்க. ரோமம் பின்பக்கமா படிஞ்சிருக்கும். முன்னால போகும்போது வழுக்கும், பின்னால சரியப் பார்த்தா பிடிச்சுக்கும்.

அப்போ ஸ்கி எப்படி ஒல்லியாச்சு?

காரணம் ஆளுங்க இல்ல, அவங்க போன பனி. 1888ல நான்சென் தலைமையில 6 பேர் கிரீன்லாந்தை ஸ்கியில குறுக்கா கடந்தாங்க. 1911 டிசம்பர் 14ல அமுண்ட்சென் குழு தென் துருவத்தைத் தொட்டுச்சு. அவங்க போன துருவப் பீடபூமிகள்ல பெரும்பாலும் காத்து அடிச்சு இறுகின பனி. அமுண்ட்சென் எடுத்துட்டுப் போனது ஹிக்கரி மரத்துல செஞ்ச நீளமான, ஒடுக்கமான ஸ்கி. பனிப்பிளவுகளைத் தாண்ட அவருக்கு நீளம்தான் முக்கியம். அப்புறம் பந்தயங்கள் வந்துச்சு. 1974ல ஃபாலுன் உலகச் சாம்பியன்ஷிப்ல ஸ்வீடன் வீரர் தோமாஸ் மாக்னுசன் ஃபைபர் கிளாஸ் ஸ்கியில 30 கிலோமீட்டர் ஜெயிச்சதும் பந்தயத்துல மரத்தோட காலம் முடிஞ்சுது. தடம் போட்ட பாதையில ஓடுற பந்தய ஸ்கியோட அகலம் இப்போ 44 மில்லிமீட்டர் மாதிரி.

அதாவது ஒல்லிதான் புதுசு, அகலம்தான் பழசு. "ஆழப் பனிக்கான ஸ்பெஷல் மாடல்"னு கடையில வச்சிருக்கிறது பாட்டன் சொத்தோட மெலிஞ்ச பதிப்பு.

இஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? ஒரு தோராயக் கணக்கு போட்டேன். ஆள், மூட்டை எல்லாம் சேர்த்து 90 கிலோ. ரெண்டு கால்லயும் நிக்கிறார். ஒரு சதுர செ.மீ.க்கு விழுற எடை:

வெறும் ஷூ: 150 கிராம்
நடுவுல 54 மி.மீ. இருக்கிற ஸ்கி (நண்பன்கிட்ட இருக்கிறது): 37 கிராம்
நடுவுல 62 மி.மீ.: 31 கிராம்
நடுவுல 78 மி.மீ.: 26 கிராம்
டிகெர்வார்டன் ஜோடி: 16 கிராம்

(முனையும் வாலும் நடுப்பகுதியை விட அகலம், அதனால சராசரி எடுத்திருக்கேன்.)

ஷூவுல இருந்து முதல் ஸ்கிக்குப் போகும்போதுதான் பெரிய லாபம். அதுக்கப்புறம் ஒவ்வொரு கிராமுக்கும் விலை உண்டு. அகல ஸ்கி கனம். மெஷின் போட்ட தடத்துல நுழையாது. அதைச் சாய்ச்சுத் திருப்ப விறைப்பான ஷூ வேணும். தவிர, அகலம் மட்டும் போதாது. முனை மெத்துனு வளைஞ்சு மேல எழும்பணும். விறைப்பான ஸ்கியோட முனை ஆழப் பனியில உள்ள குத்தும்.

சரி, பனியில புதையுறது வெறும் அசௌகரியம்தானேன்னு தோணலாம். 1939-40 குளிர்காலத்துல ஃபின்லாந்துல ராத்தே சாலையில சோவியத் 44வது டிவிஷன் ரோட்டை விட்டு இறங்க முடியாம வரிசையா நின்னுச்சு. ஸ்கியில வந்த ஃபின்லாந்து வீரர்கள் காட்டுக்குள்ள இருந்து வந்து அதைத் துண்டு துண்டா வெட்டிட்டாங்க. நம்ம ராணுவமும் 1948லயே குல்மார்க்ல ஸ்கி பள்ளி ஆரம்பிச்சுடுச்சு. அதுதான் இப்போ உயர்மலைப் போர்ப் பள்ளி.

ஆனா பனியில மிதக்குறது வேற, தப்பிக்கிறது வேற. 2016 பிப்ரவரி 3ல சியாச்சின்ல சோனம் காவல் நிலை மேல பனிச்சரிவு விழுந்து மெட்ராஸ் ரெஜிமென்ட்காரங்க 10 பேர் போயிட்டாங்க. அதுல 4 பேர் தமிழ்நாட்டுக்காரங்க. சரிஞ்சு வர்ற பனிகிட்ட எந்தக் கருவியோட அகலமும் செல்லாது. அகல ஸ்கி கையில இருந்தா "புதையாது"ங்கிற தைரியத்துல செங்குத்தான சரிவுக்குப் போகத் தோணும். 30 டிகிரிக்கு மேல சரிவு, புதுப்பனி, காத்து மூணும் சேர்ந்தா அதுதான் ஆபத்தான இடம். நார்வேயில அரசாங்கமே வார்சோம்னு ஒரு தளத்துல பனிச்சரிவு எச்சரிக்கை போடுது. கிளம்புறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துடணும்.

கடைசியா நண்பனுக்கு நான் எழுதின பதில் இது:

"மக்கா, 54 வச்சுக்கிட்டு 58 வாங்காத, அது ரெண்டு ரப்பர் டயர் வாங்குற மாதிரி. மூட்டை தூக்கிட்டு காட்டுல தூரமா நடக்கிறதுதான் ஆசைன்னா 62ல இருந்து 68க்குள்ள, முனை மெத்துனு இருக்கிறதா பாரு. ஏறி இறங்கி விளையாடணும்னா 78. அப்போ ஷூவுக்கும் சேர்த்துக் காசு எடுத்து வை. பழைய ஜோடியை வித்துடாத, தார் ரோட்டுக்கு அதுதான் வேணும். சரிவுப் பக்கம் தனியா போகாத."

"கேஜ் வீல் புரிஞ்சுதுலே, 62க்கே போறேன்"னு பதில் வந்திருக்கு. நார்வே, ஸ்வீடன், கனடா பக்கம் இருக்கிற பதிவர்கள் யாராவது ஆழப் பனியில ஓட்டியிருந்தா உங்க அனுபவத்தைப் பின்னூட்டத்துல சொல்லுங்க. அவன் இன்னும் காசு கட்டலை :-)