பலூன் விழுங்கிய ஊர்

முதலில் கெட்டியாக எதுவும் இறங்காது. அப்புறம் கஞ்சி இறங்காது. கடைசியில் தண்ணீரும்! எதிரே சாப்பாடு இருக்க, மனிதர் பட்டினியால் சாவார். சீனாவின் ஹெனான் மாகாணத்தில், தைஹாங் மலைப்பக்கம் உள்ள லின்ஷியன் வட்டாரத்தில் தலைமுறைகளாக நடந்த கொடுமை இது.

1959-ல் மருத்துவர்கள் அங்கே கணக்கெடுக்க இறங்கினார்கள். உணவுக்குழாய்ப் புற்றுநோய்! உலகிலேயே இந்த நோய் மிக அதிகமாகத் தாக்கிய இடங்களில் லின்ஷியன் ஒன்று. அந்த ஊர்க் கோழிகளுக்குக்கூட தொண்டையில் புற்றுக் கட்டி இருந்ததென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. வைத்தியம்? அங்கேதான் சிக்கல். உணவுக்குழாய் நன்றாக விரிந்து கொடுக்கும். கட்டி வளர்ந்து வழியை அடைத்த பிறகுதான் ஆளுக்கே விஷயம் தெரியும். அதற்குள் காலம் கடந்திருக்கும். ஆக, நோயாளி வரட்டும் என்று டாக்டர் காத்திருக்க முடியாது. 'எனக்கு ஒன்றுமில்லையே' என்பவரைத் தேடிப் போய்ப் பரிசோதிக்க வேண்டும். ஏழை விவசாயிகள் நிறைந்த மலைநாட்டில் இது நடக்கிற காரியமா?

ஷென் சியோங் என்ற நோய்க்கூறியல் நிபுணர் வழி கண்டுபிடித்தார். மெல்லிய குழாய், அதன் நுனியில் வலை போர்த்திய குட்டி பலூன். விழுங்கச் சொல்வார்கள். உள்ளே போனதும் காற்றடித்து, மெதுவாக மேலே இழுப்பார்கள். வலையில் ஒட்டி வரும் செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை. பழகிய கையும் பழகிய கண்ணும் போதும். அதனால் உள்ளூர்க்காரர்களுக்கே தொழிலைக் கற்றுக்கொடுக்க முடிந்தது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து ஆபரேஷன் செய்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஐந்து வருடம் தாண்டியும் உயிரோடு இருந்தார்கள்!

பலூனுக்கும் குறை உண்டு. பல கேஸ்களைத் தவறவிட்டது. பிறகு எண்டோஸ்கோப் வந்தது. கூடவே அயோடின் கரைசல். அதை உள்ளே தெளித்தால் நல்ல இடம் பழுப்பாகும். கெட்ட இடம் நிறம் பிடிக்காமல் தனியே தெரியும்.

அதே அயோடின் சோதனை ஆப்பிரிக்காவுக்கும் போனது. எத்தியோப்பியாவிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை, கண்டத்தின் கிழக்கு ஓரம் நெடுக இந்த நோய் அதிகம். கென்யாவில் பொமெட் பகுதியிலுள்ள டென்வெக் மருத்துவமனை அங்கே அயோடினோடு எண்டோஸ்கோப் சோதனை நடத்தியது. டாக்டர்களுக்குப் பயிற்சியும் தருகிறது. முற்றிய நோயாளிகளுக்கு, உள்ளே போய் விரிகிற உலோக வலைக்குழாயைப் பொருத்துகிறார்கள். நோய் போகாது. ஆனால் அடைத்த வழி திறக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் மறுபடி இறங்கும்.

கருவிகள் மாறிவிட்டன. கேள்வி மட்டும் 1959-ல் கேட்ட அதே கேள்விதான். அதைப் பிடிக்கத் தெரிந்த கை, பக்கத்து ஊரிலேயே இருக்கிறதா?