புகையிலைப் பந்தலும் தேனீப் பெட்டியும்



விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் எந்த ஊரில் கூட்டம் போட்டாலும், பூச்சி மருந்து பற்றிப் பேசி முடித்த பிறகு யாராவது ஒருவர் எழுந்து இப்படிக் கேட்பார்: "அய்யா, கடையில் வாங்குகிற மருந்து தேனீக்கு ஆகாது என்கிறீர்கள், சரி. கொல்லையில் நாலு பாத்தி புகையிலை போட்டு வீட்டிலேயே பதப்படுத்துகிறோம். அதை ஊற வைத்துத் தெளித்தால் தேன் பெட்டிக்கு ஒன்றும் ஆகாதே? அது வெறும் இலைதானே?"

ஆகும், ஆகாது என்று ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. அந்த இலையின் வரலாறும் அந்தப் பெட்டியின் வரலாறும் கொஞ்சம் தெரிந்தால்தான் பதில் விளங்கும். ஆகவே இன்று அதையே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

புகையிலை நம் நாட்டுப் பயிர் அல்ல. மிளகாய், தக்காளியைப் போலவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அந்த இரண்டுக்கும் இது பங்காளிச் செடியும்கூட. போர்த்துகீசியர் கப்பலில் மேற்குக் கரைக்கு வந்து, அங்கிருந்து உள்நாட்டுக்குப் பரவியது. பீஜப்பூருக்குத் தூது போன அசத் பேக் என்பவர் அங்கே இதைப் பார்த்துவிட்டு, 1605ஐ ஒட்டி அக்பர் சபைக்குக் கொண்டு போனார். அக்பர் இரண்டு இழுப்பு இழுத்தாராம், வைத்தியர் வேண்டாம் என்று தடுத்தாராம். அவர் மகன் ஜஹாங்கீர் 1617இல் தடையே போட்டார். தடை பலிக்கவில்லை. தமிழ்நாட்டில் இது எவ்வளவு ஊறிப் போனது என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனுக்குப் புகையிலையையே தூது அனுப்பி ஒரு பிரபந்தம் பாடியிருக்கிறார். அன்னத்தையும் மேகத்தையும் தூதுவிட்ட நாட்டில் புகையிலைக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்கிறது!

புகையிலைக்குப் பேர் போன ஊர்கள் திண்டுக்கல், வேடசந்தூர், கோயமுத்தூர்ப் பக்கம், வேதாரண்யத்து மணல், கடல் கடந்தால் யாழ்ப்பாணம். பழைய தென்னாற்காட்டுக்கு மல்லாட்டையும் எள்ளும் கரும்பும்தான் பேர். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்கள் நாடெங்கும் போயிருக்கின்றன.

பணம் தருகிற பயிர் என்றால் சர்க்கார் கண் படாமல் இருக்குமா? கிழக்கிந்தியக் கம்பெனி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயமுத்தூர், மலபார்ப் பக்கம் புகையிலையைத் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. விளைவித்தவரிடம் தான் வைத்த விலைக்கு வாங்கி, மலையாளத்தில் கொள்ளை விலைக்கு விற்றது. கள்ளக்கடத்தல் பெருகியதுதான் மிச்சம். 1850களின் தொடக்கத்தில் அதைக் கைவிட்டார்கள். மறுபடி 1943இல் யுத்த காலத்துச் செலவுக்காகப் புகையிலைக்குக் கலால் வரி வந்தது. எத்தனை சென்ட் பயிரிட்டோம், எத்தனை கிலோ பதப்படுத்தினோம் என்று கலால் அதிகாரியிடம் கணக்குக் காட்ட வேண்டும். வயதான விவசாயிகளுக்கு அது இன்னும் நினைவிருக்கும். சரண் சிங் நிதி மந்திரியாக இருந்து போட்ட 1979ஆம் வருஷத்து பட்ஜெட்டில்தான் பச்சைப் புகையிலை மேலிருந்த வரி நீங்கியது. அதன் பிறகுதான் வீட்டுக் கொல்லையில் நாலு செடி வைப்பவர் நிம்மதியாகப் பந்தல் கட்டினார்.

அந்தப் பதப்படுத்தலைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். விதை பொடி மாதிரி இருக்கும். ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் விதை. மணலோடு கலந்து நாற்றங்காலில் தூவி, ஆறு வாரத்தில் நாற்றைப் பிடுங்கி நடுவார்கள். மொட்டு வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டு, பக்கத்தில் முளைக்கிற சிம்புகளையும் ஒடித்துக்கொண்டே இருப்பார்கள். அப்போதுதான் சத்து இலைக்குப் போய் இலை தடிக்கும். இதைத் தேனீக்காரர் குறித்துக்கொள்ள வேண்டும்: புகையிலைத் தோட்டம் தேனீக்குத் தீவனம் அல்ல. விதைக்கென்று விட்ட ஒன்றிரண்டு செடி தவிர மற்றது பூப்பதே இல்லை.

இலை முற்றிச் சொரசொரப்பாகி, மஞ்சள் திட்டு விழுந்ததும் செடியோடு அறுப்பார்கள். ஒரு இரவு வயலிலேயே வாட விட்டு, பிறகு மூங்கில் பந்தலில் தலைகீழாகத் தொங்கவிட்டு வெயிலில் காயவைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் வேறு முறை. குடிலுக்குள் தொங்கவிட்டுத் தேங்காய் மட்டையை மூட்டிப் புகை போடுவார்கள். அந்தப் புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பல் கப்பலாகப் போயிற்று. வாடல் சரியாகி, பச்சை போய்ப் பழுப்பு ஏறியதும், இலையைக் குவியலாக அடுக்கிப் பாயால் மூடுவார்கள். உள்ளே சூடு ஏறும். கையை உள்ளே விட்டுப் பார்த்து, சூடு அதிகமானால் மேலிருப்பதைக் கீழேயும் கீழிருப்பதைக் மேலேயுமாகப் புரட்டி அடுக்க வேண்டும். அடுக்கியவர் அசந்து தூங்கினால் குவியல் கருகிவிடும். மூக்கைத் துளைக்கிற காரநெடி அடங்கி, இனிப்பு வாசனை வந்தால் இலை பதமாகிவிட்டது என்று அர்த்தம். வாய்ப் புகையிலைக்கு வெல்லத் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ தெளிப்பதும் உண்டு. (வாயில் போட்டால் வாய்ப் புற்று வரும் என்பது இன்று சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயம். போடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம்.)

இவ்வளவும் செய்து முடித்த பின் பந்தலடியில் தண்டும் நரம்பும் தூளுமாகக் கழிவு மிஞ்சும். நம் பேச்சு இனி இந்தக் கழிவைப் பற்றித்தான்.

ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே புகையிலையை ஊற வைத்த தண்ணீரைப் பழமரங்களுக்குத் தெளித்திருக்கிறார்கள். 1828இல் ஜெர்மனியில் போசெல்ட், ரைமான் என்ற இருவர் இலையிலிருந்து விஷத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் நிகோட்டின். பூச்சியின் நரம்பைத் தாக்கி, வலிப்பு வந்து விழச் செய்யும் விஷம் அது. நம் விவசாயப் புத்தகங்களிலும் ஒரு கணக்கு ரொம்ப நாளாக உண்டு: அரை கிலோ கழிவை நாலரை லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் ஊற வைத்து, 120 கிராம் சோப்பைத் தனியாகக் கரைத்துச் சேர்த்து, ஆறேழு மடங்கு தண்ணீர் விட்டு அசுவினிக்குத் தெளிப்பது. அசுவினி மாதிரி மெல்லிய உடம்புப் பூச்சிக்கு அது கேட்கும். மல்லாட்டையில் வருகிற புரொடீனியாப் புழுவுக்கு அதைத் தெளிக்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குச் சிரிப்பு வரும். அந்தப் புழுவின் இன்னொரு பேரே புகையிலை வெட்டுப்புழு. புகையிலையையே தின்று வளர்கிற புழுவுக்குப் புகையிலைக் கஷாயம் என்ன செய்யும்?

கம்பெனிக்காரர்கள் நிகோட்டினைக் கெட்டியாக்கி நிகோட்டின் சல்பேட் என்று டப்பாவில் விற்றார்கள். அது தோல் வழியாகவே மனிதனுக்குள்ளும் ஏறிவிடும். இந்திய அரசு 1992இல் அதை உள்நாட்டில் உபயோகிக்கத் தடை செய்துவிட்டது. பனி ஈரத்தோடு பச்சை இலை அறுக்கிறவர்களுக்குத் தலைசுற்றல், வாந்தி வருவதும் இதே நிகோட்டினால்தான். "வெறும் இலைதானே" என்று கேட்டவருக்குப் பாதிப் பதில் இது.

இனி பெட்டிக்கு வருவோம். தேன் எடுப்பது நம் மண்ணில் ஆதி காலத் தொழில். ஆனால் கூட்டைப் பிய்த்துப் பிழிவதோடு சரி. 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் ஒரு சின்ன விஷயத்தைக் கண்டுபிடித்தார். அடைக்கும் அடைக்கும் நடுவே ஒரு தேனீ போகிற அளவுக்கு, கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, இடைவெளி விட்டால் தேனீ அதை மெழுகு வைத்து அடைப்பதில்லை. சட்டத்தைத் தூக்கிப் பார்க்கலாம், தேனை எடுத்துவிட்டு அடையைத் திருப்பி வைக்கலாம். நம் பக்கத்து இந்தியத் தேனீ உருவில் சிறியது. அதற்கு ஏற்ற சின்னப் பெட்டியை 1911க்கும் 1917க்கும் நடுவே திருச்சிப் பக்கம் நியூட்டன் பாதிரியார் செய்து, கிராமத்து ஜனங்களுக்குப் பழக்கிக் கொடுத்தார். ஏழு சட்டமுள்ள நியூட்டன் பெட்டி என்று இன்றும் வழங்குவது அதுதான். 1924இல் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் அதை வீட்டுத் தொழிலாகவே வளர்த்தது. 1991-92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து, தென்னாட்டில் பெட்டி பெட்டியாகப் புழுக்கள் செத்து, தொழிலே படுத்துப்போனது. மெல்ல மெல்லத்தான் எழுந்தது.

இப்போது நம் வயலுக்கு வாருங்கள். மரக்காணம், திண்டிவனம் பக்கம் மார்கழி, தையில் தர்பூசணி போடுகிறோம். பந்தலில் புகையிலை தொங்குகிற மாசி மாதத்தில்தான் அது பூக்கும். ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. காலையில் மலர்ந்து பிற்பகலில் மூடிவிடும், மறுநாள் திறக்காது. அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு பெண் பூவுக்குத் தேனீ பல தடவை வந்து போனால்தான் காய் உருண்டு திரளும். குறைந்தால் பிஞ்சு வெம்பிப் போகும், அல்லது கோணல் காயாகும். கோணல் காய்க்கு வியாபாரி என்ன விலை சொல்லுவார் என்று உங்களுக்கே தெரியும்.

அதே மாசியில்தான் அசுவினியும் இலைப்பேனும் வரும். நோயைப் பரப்புகிற பூச்சிகள் என்பதால் தெளிக்காமலும் இருக்க முடியாது. சோப்புக் கலந்த கஷாயம் தேனீ மேலே பட்டால் தேனீ சாகும். அசுவினிக்கு ஒரு நரம்பு, தேனீக்கு வேறு நரம்பா என்ன? ஆனால் வெயிலிலும் காற்றிலும் நிகோட்டின் சீக்கிரம் சிதைந்துவிடுகிறது. பூ மூடிய பிறகு, தேனீ கூட்டுக்குத் திரும்பிய மாலையில் தெளித்தால் சேதம் பெரும்பாலும் குறையும்.

கடை மருந்தின் கதை வேறு. நிகோட்டின் நரம்பைத் தாக்குகிற விதத்தைப் படித்துவிட்டு, ஜப்பானில் 1980களில் ஷின்சோ ககாபு என்ற விஞ்ஞானியின் குழு இமிடாகுளோபிரிடு என்ற மருந்தை உருவாக்கியது. 1991இல் விற்பனைக்கு வந்தது. அந்த வகைக்கு நியோநிகோட்டினாய்டு என்று பேர். புது நிகோட்டின் என்று வைத்துக்கொள்ளுங்கள். தயாமீத்தாக்சாம், குளோத்தியானிடின் எல்லாம் அதே குடும்பம். கஷாயம் இலை மேலே இருந்து காய்ந்து போகும். இது செடிக்குள்ளே சாறோடு ஏறி, பூந்தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்ச் சேரும். தேனீயைக் கொல்லச் சில நானோகிராம் போதும். ஒரு கிராமை நூறு கோடி பங்கு வைத்தால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். 2008இல் ஜெர்மனியின் ரைன் நதிப் பக்கம் மக்காச்சோள விதையில் பூசிய குளோத்தியானிடின், விதைக்கும்போது தூசியாகப் பறந்து ஆயிரக்கணக்கான தேனீப் பெட்டிகளை அழித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இந்த மூன்றையும் திறந்த வயலில் போடக்கூடாது என்று நிறுத்தியது. நம் ஊர்க் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது.

"மாலையில் அடியுங்கள், தேனீக்கு ஆபத்தில்லை" என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். கஷாயத்துக்கு அது சரி. இமிடாகுளோபிரிடுக்கு அது போதாது. மாலையில் அடித்தாலும் அடுத்து மலர்கிற பூக்களிலும் அது இருக்கும். மொட்டு வருவதற்கு முன்னால் தேவைப்பட்டால் அடிக்கலாம். பூ வந்தபின் அந்தக் குடும்பத்து மருந்தே வேண்டாம். எள், சூரியகாந்திக்கும் இதே கணக்கு.

வீட்டில் இரண்டும் வைத்திருப்பவர்களுக்குச் சில நடைமுறைகள். பதப்படுத்துகிற கொட்டகையில் தேன் டின்னையும் அடைச் சட்டத்தையும் வைக்காதீர்கள். மெழுகு நெடியை இழுத்துக்கொள்ளும், தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், புகையிலைக் குவியலுக்கோ ஈரம் வேண்டும். பெட்டியைத் திறக்குமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புகை போடப் புகையிலைத் தூளை எடுக்காதீர்கள். தேனீ மயங்கி விழும், தேனும் நாறும். தேங்காய் நார், பழைய சணல் சாக்கு, காய்ந்த வரட்டி போதும். இந்தியத் தேனீயை அதிகம் சீண்டினால் பெட்டியையே விட்டு ஓடிவிடும்.

இந்தத் தேனீ ஒரு கிலோமீட்டர் வரை மேய்ந்து வரும். ஆகவே பக்கத்து நிலத்துக்காரர் எந்த மருந்தை எந்த நாள் அடிக்கப் போகிறார் என்று முந்தின நாளே கேட்டு வையுங்கள். பூ மேலே அடிக்கப் போகிறார் என்று தெரிந்தால், முந்தின இரவே பெட்டியை மூடி, காற்றுப் போக வழி விட்டு, இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி உறவுக்காரர் தோப்பில் வைத்துவிட்டு, அந்தப் பூக்கள் ஓய்ந்த பிறகு கொண்டு வாருங்கள்.